'வீ ஆர் கோயிங் டு கேமரன்' என்று எழுதினேன், யாரும் பதிலே போடவில்லை. எங்கே தப்பு?

செம்பனைக்காரி, சுங்கை சிப்புட், மலேசியா
வணக்கம். செம்பனை எண்ணெய் ஆலை ஆபிஸில் கிராணி (குமாஸ்தா) வேலை. டிசம்பரில் ஆறு பேராக மூன்று நாள் எங்காவது போகலாம் என்று பேச்சு. உள்ளூர் ஆட்கள் மட்டும் என்றால் மலாய் மொழியிலேயே பேசி முடித்திருப்போம். புதிதாக வந்த பிலிப்பைன்ஸ் இஞ்சினியர் இருவருக்கு மலாய் வராது, அதனால் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஆங்கிலம்தான்.

கேமரன் மலைக்குப் போகலாமா என்று கேட்க நான் எழுதியது: "வீ ஆர் கோயிங் டு கேமரன். யூ ஆல் வாண்ட் ஆர் நாட்?" இரண்டு மணி நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அதில் ஒருவர் "நைஸ்! ஹூ இஸ் கோயிங் வித் யூ?" என்கிறார். அவரையும் சேர்த்துத்தானே சொன்னேன்!

இன்னொருவர் பெர்ஹெந்தியான் தீவு என்கிறார். டிசம்பரிலா? முகம் முறியாமல் எப்படி மறுப்பது?

பழைய வாத்தியார்
தப்பு 'வீ'யில் இருக்கிறது தங்கச்சி. நமக்கு 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. மலாயிலும் கீத்தா, காமி என்று இரண்டு உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். "வீ ஆர் கோயிங்" என்றால் 'நாங்கள் போகிறோம், எல்லாம் முடிவாகிவிட்டது' என்றுதான் அவருக்குக் கேட்டிருக்கும். 'நாம்' வேண்டுமானால் "லெட்ஸ் கோ", "ஷல் வீ கோ டு கேமரன்?", "ஒய் டோண்ட் வீ ட்ரை கேமரன்?" என்று எழுதுங்கள். எனக்குப் பிடித்தது "ஹவ் அபௌட் கேமரன்?" இடத்தின் பெயரைப் போட்டால் போதும், வினைச்சொல்லே வேண்டாம்.

பெர்ஹெந்தியானுக்கு: "ஐ வுட் லவ் டு, பட் இஸ்ன்ட் இட் மான்சூன் சீசன் தென்?" முதலில் ஆசை, பிறகு தடை, அதையும் கேள்வியாக. உண்மையும் அதுதான். வடகிழக்குப் பருவக்காற்றில் கிழக்குக் கரையில் கடல் கொந்தளிக்கும், அங்கே தங்கும் விடுதிகள் பெரும்பாலும் மூடிவிடும்.

ஈப்போ தம்பி
எதுக்குண்ணே இவ்வளவு இலக்கணம்? "கேமரன், கேன் ஆர் நாட்?" முடிஞ்சது கதை.

பழைய வாத்தியார்
நமக்குள் அது தங்கமான வாக்கியம் தம்பி. வெளிநாட்டுக்காரருக்குப் புரியுமா என்பதுதான் கேள்வி.

ஓட்டல் அக்கா
நான் பினாங்கில் ஒன்பது வருஷம் ரிசெப்ஷனில் இருந்தவள். நம் ஆட்கள் "ஐ ஃபாலோ" என்பார்கள், 'நானும் கூட வர்றேன்' என்ற அர்த்தத்தில். வெள்ளைக்காரன் 'பின்னால் எதற்கு வருகிறாய்?' என்கிற மாதிரி முழிப்பான். "கவுன்ட் மீ இன்" என்று சொல்லுங்கள். "அப் டு யூ லா"வும் வேண்டாம். நாம் விட்டுக்கொடுத்துச் சொல்கிறோம், அவர்களுக்கு 'எனக்கென்ன வந்தது' போலக் கேட்கும். "ஐ டோண்ட் மைண்ட், ஐதர் இஸ் ஃபைன்" நல்லது.

செம்பனைக்காரி
ஐயோ, "அப் டு யூ"வையும் நேற்றே அனுப்பிவிட்டேன்! இன்னொன்று: பாங்கோர் தீவுக்குப் போகலாம் என்று சொல்ல "ஐ சஜஸ்ட் டு கோ பாங்கோர்" சரியா? "ஹேவ் யூ கான் டு பாங்கோர்?" என்று கேட்கலாமா?

பழைய வாத்தியார்
இரண்டும் இடறும். சஜஸ்டுக்குப் பின்னால் 'டு கோ' வராது. "ஐ சஜஸ்ட் கோயிங் டு பாங்கோர்", அல்லது "ஐ சஜஸ்ட் வீ கோ டு பாங்கோர்."

அடுத்தது நம் தமிழ் செய்யும் வேலை. 'பாங்கோருக்குப் போயிருக்கிறாள்' என்றால் போய்த் திரும்பியவளும் ஆகலாம், இப்போது அங்கே இருப்பவளும் ஆகலாம். ஆங்கிலம் அதைப் பிரித்துவிடும்: திரும்பி வந்திருந்தால் பீன், இன்னும் வராவிட்டால் கான். எதிரில் இருப்பவரைக் கேட்கும்போது "ஹேவ் யூ பீன் டு பாங்கோர்?" தான்.

செம்பனைக்காரி
இன்று காலை பசியாறும்போது அனுப்பினேன்: "பெர்ஹெந்தியான் சவுண்ட்ஸ் லவ்லி, பட் இஸ்ன்ட் இட் மான்சூன் சீசன் தென்? ஹவ் அபௌட் பாங்கோர்? வீ கேன் டேக் தி ஃபெர்ரி ஃப்ரம் லூமுட்." ஐந்து நிமிஷத்தில் நாலு பேர் "கவுன்ட் மீ இன்"! கேமரனை நானே கைவிட்டேன், பள்ளி விடுமுறையில் அந்த மலைப்பாதை நெரிசலில் உட்கார யாரால் முடியும்? இப்போது யார் கார், பெட்ரோலுக்கு ஆளுக்கு எத்தனை வெள்ளி என்று சண்டை. அதற்கு வாக்கியம் வேண்டும் என்றால் புது இழை போடுகிறேன்.