‘மில் வீடு’ குழு, வெள்ளிக்கிழமை இரவு

சேக்ரமெண்டோ தம்பி: எல்லோருக்கும் வணக்கம். அரிசிப் பைக்கு டிசைன் திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். பெயர் “மில் வீடு அரிசி”, ஓரத்தில் தாத்தா படம். ஆட்சேபணை இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பெங்களூர் அக்கா: எந்தப் பை? எந்த அரிசி?

அத்தை: வேலையை விட்டாச்சா???

பெரியப்பா: எனக்கும் இப்போதுதான் தெரிகிறது.

சேக்ரமெண்டோ தம்பி: அப்பா, பிப்ரவரியிலேயே சொன்னேன். நீங்கள் “அம்மாவிடம் பேசு” என்று ஃபோனைக் கொடுத்துவிட்டீர்கள். 30 ஏக்கர் குத்தகை. மே மாதம் விதைத்தாயிற்று, இந்த மாதக் கடைசியில் அறுவடை.

சித்தி ஃப்ரீமாண்ட்: என்னிடம் மார்ச்சிலேயே சொன்னான். நான் யாரிடமும் சொல்லவில்லை.

அத்தை: அதுதான் தெரிகிறதே

பெரியப்பா: சாஃப்ட்வேரை விட்டுவிட்டு சேற்றில் இறங்கவா 12 வருஷம் முன்னால் ஃபிளைட் ஏற்றினேன்

மாமா: பையனைத் திட்ட வேண்டாம். அவன் இருக்கும் கலிஃபோர்னியாவிலேயே இதற்கு முன்னோடி உண்டு. கெய்சாபுரோ கோடா என்று ஒரு ஜப்பானியர், ஃபுகுஷிமா பக்கம். அப்பா சாமுராய் வம்சம், பிறகு அரிசி மில்லும் வியாபாரமும். இவர் பள்ளித் தலைமை ஆசிரியர். அந்த வேலையை விட்டுவிட்டு 1908இல் அமெரிக்கா போய் எண்ணெய்க் கிணறு தோண்டிப் பார்த்தார், சலவைக்கடைகள் நடத்தினார், சூரை மீனை டப்பாவில் அடைத்து விற்றார், அதற்கெல்லாம் அப்புறம்தான் நெல்லுக்கு வந்தார். டோஸ் பாலோஸ் என்ற ஊர்ப் பக்கம் பண்ணை, சொந்த மில். ஊறவைத்த விதையை விமானத்திலிருந்து தண்ணீர் நின்ற வயலில் தூவியவர்களில் அவரும் முன்னோடி.

பெங்களூர் அக்கா: தலைமை ஆசிரியர் என்றதும் மாமாவுக்குப் பிடித்துவிட்டது 😀

பெரியப்பா: நாற்றங்கால் இல்லையா? நடவு?

சேக்ரமெண்டோ தம்பி: கிடையாது அப்பா. இங்கே இப்போதும் பெரும்பாலும் விமானம்தான். எனக்கும் வாடகைக்குத்தான் வந்தது.

பெரியப்பா: அப்போது நீ வயலில் என்னதான் செய்கிறாய்

சித்தி ஃப்ரீமாண்ட்: அடுத்த வாரம் சதுர்த்தி. யாராவது பூரணம் அளவு அனுப்புங்கள்.

அத்தை: பொன்னியா போட்டிருக்கிறாய்?

சேக்ரமெண்டோ தம்பி: இல்லை அத்தை. பொன்னி இங்கே சரிவராது. கதிர் கட்டும் நேரத்தில் இரவுக் குளிர் பட்டால் பதராகிவிடும். இது ஜப்பான் வகை, குட்டையாக உருண்டையாக இருக்கும், கொஞ்சம் ஒட்டும்.

அத்தை: ஒட்டுகிற சோற்றுக்கா எங்கள் அப்பா படம்

சித்தி ஃப்ரீமாண்ட்: ஒட்டுவது என்றதும் ஞாபகம் வந்தது, நான் இங்கே வந்த முதல் வருஷம் அரிசி மாவுதானே என்று பசையரிசி மாவில் கொழுக்கட்டை செய்து, ஆவியில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கொழுக்கட்டை ஆகிவிட்டது. டப்பாவைப் படிக்காதது என் தப்பு. பிள்ளையார் அந்த வருஷம் மௌன விரதம்.

மாமா: பசையரிசி மாவில் அங்கே பழைய பெயர் மோச்சிக்கோ, நீல நட்சத்திரம் போட்டது. அதுவும் கோடா குடும்பம் தொடங்கியதுதான். விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். 1913இல் ஒரு சட்டம், குடியுரிமைக்குத் தகுதி இல்லாத அந்நியர் நிலம் வாங்கக்கூடாது என்று. ஜப்பானியரை மனத்தில் வைத்துப் போட்டது. அதனால் அங்கேயே பிறந்த பிள்ளைகள் பெயரில் வாங்கினார். 1942இல் போர்க்காலம், குடும்பத்தோடு கொலராடோவில் அமாச்சி முகாமில் அடைத்துவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் நல்ல நிலமும் இயந்திரங்களும் போயிருந்தன. யாரை நம்பி ஒப்படைத்துவிட்டுப் போனாரோ அவர்களே விற்றுவிட்டார்கள்.

பெரியப்பா: இது யாருக்கு?

மாமா: வரலாறு சொல்கிறேன் அத்தான்.

பெரியப்பா: 1998இல் மில்லை விற்றது நான்தான். பெல்ட்டும் மோட்டாரும் துருப்பிடித்துக் கிடந்தன, கரண்ட் பில் கட்டியதும் நான்தான். உங்களுக்கு அப்போது மாற்றல் வந்து மன்னார்குடியில் சுகமாக இருந்தீர்கள்.

அத்தை: கையெழுத்து வாங்க மட்டும் மன்னார்குடிக்கு வழி தெரிந்தது

அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெங்களூர் அக்கா: அத்தை எல்லோரும் பார்த்தாயிற்று

நான்: பெயரைப் பற்றி மட்டும் பேசுவோமா. தம்பி திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

சேக்ரமெண்டோ தம்பி: மாமா, கோடா கதை தெரிந்துதான் இறங்கினேன். என்னைப் பிடித்தது அதற்கப்புறம்தான். முகாமிலிருந்து வந்தவர் மிச்ச நிலத்தில் பிள்ளைகளோடு மறுபடி தொடங்கினார். ஒரு வகையை உருவாக்க ஆளை வைத்து வருஷக்கணக்காகக் காத்திருந்தார்கள். கொக்குஹோ ரோஸ், 1963இல் கடைக்கு வந்தது. உயரமாக வளரும், விளைச்சல் குறைவு, அறுவடையும் தாமதம். சந்தையில் மற்றவர்கள் வைத்திருந்த ரகத்தைப் போட்டிருந்தால் மூட்டை கூடியிருக்கும். ருசிக்காக இதையே வைத்துக்கொண்டார்கள். அவர் 1964இல் காலமாகிவிட்டார்.

பெரியப்பா: தண்ணீர்?

சேக்ரமெண்டோ தம்பி: அதுதான் பயம். 2022 வறட்சியில் இந்தப் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய பாதி நெல் நிலம் தரிசாகக் கிடந்தது. இந்த வருஷம் பரவாயில்லை.

பெரியப்பா: மேட்டூர் மாதிரிதான் சொல்

அத்தை: பெயர் வைத்துக்கொள். ஆனால் படத்தில் அப்பா மட்டும் ஏன். மில்லில் தவிடு புடைத்து வேலையாட்களுக்குச் சோறு போட்டது அம்மா.

சித்தி ஃப்ரீமாண்ட்: 👍👍 இரண்டு பேர் படமும்.

சேக்ரமெண்டோ தம்பி: பாட்டி படம் யாரிடம் இருக்கிறது?

அத்தை: என் பீரோவில். ஃபோட்டோ எடுத்து அனுப்பத் தெரியாது. மாமாவைக் கேள்.

மாமா: அனுப்புகிறேன். முன்பாக ஒரு சிறு விளக்கம், கொக்குஹோ என்றால் நாட்டின் பொக்கிஷம் என்று அர்த்தம்…

பெங்களூர் அக்கா: குட் நைட் மாமா 🙏

நான்: அப்போது பெயர் முடிவா? பெரியப்பா?

பெரியப்பா: ஒரு பை எத்தனை கிலோ

சேக்ரமெண்டோ தம்பி: 2 கிலோவும் 5 கிலோவும் அப்பா.

பெரியப்பா: மில்லில் 75 கிலோ மூட்டைக்குக் குறைந்து எடை போட்டதே இல்லை.

பெரியப்பா: தையல் நூல் நல்லதாகப் போடு. ஓரத்தில்தான் பிரியும்.

சித்தி ஃப்ரீமாண்ட்: பூரணம் அளவு யாரும் சொல்லவில்லை.