நூலக இணையதள முகப்பில் ஒரே தேடல் பெட்டி போதுமா?

கேள்வி:
எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளத்தைப் புதுப்பிக்கும் குழுவில் இருக்கிறேன். நூல்கள், மின்னிதழ்கள், தரவுத்தளங்கள் என மூன்று தாவல்கள் கொண்ட தேடல் பெட்டியும், அதற்கு மேலே தானாக நகரும் படவரிசையும் இப்போது முகப்பில் உள்ளன. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் தேடும்படி மாற்றிவிடலாம் என்கின்றனர் சிலர்; அப்படிச் செய்தால் நூலைத் தேடி வருபவர் கட்டுரைக் குவியலில் சிக்கிக்கொள்வார் என்கின்றனர் வேறு சிலர். எதைத் தேர்ந்தெடுப்பது?

மறுமொழி 1:
இரு தரப்பும் சொல்வது சரிதான். நூல்களையும் கட்டுரைகளையும் ஒரே இடத்தில் தேடித் தரும், 2009-இல் வந்த ‘சம்மன்’ (Summon) போன்ற நூலகத் தேடல் சேவைகளுக்குப் பிறகு ஒற்றைப் பெட்டி பரவலாகிவிட்டது. ஆனால், பாடநூல் ஒன்றின் தலைப்பை அப்படியே தட்டச்சு செய்யும் மாணவருக்கு, அந்த நூலைப் பற்றிய மதிப்புரைகள் முதலில் வந்து நிற்க, நூல் எங்கோ கீழே கிடப்பதும் உண்டு. பெட்டியை ஒன்றாக வைத்துக்கொண்டு, முடிவுகளை மட்டும் நூல்கள், கட்டுரைகள், நூலகத்தின் உதவிப் பக்கங்கள் எனத் தனித்தனிக் கட்டங்களில் காட்டும் பென்டோ அமைப்பு இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்க்கிறது. தாவல்களைப் பலர் கவனிப்பதே இல்லை. எது முன்னிருப்பாகத் திறந்திருக்கிறதோ அதிலேயே தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று போய்விடுகிறார்கள்.

மறுமொழி 2:
பெட்டியைப் பற்றிய விவாதத்தில் படவரிசையை மறந்துவிடாதீர்கள். அது நூலகத்துக்குள் இருக்கும் துறைகளின் போட்டியைத் தீர்ப்பதற்காக வைக்கப்படுவது, வாசகருக்காக அன்று என்பது என் எண்ணம். தானாகத் தொடங்கி ஐந்து நொடிக்கு மேல் பிற உள்ளடக்கத்தோடு சேர்ந்து நகரும் எதையும் நிறுத்திவைக்க வழி இருக்க வேண்டும் என்கிறது டபிள்யூ.சி.ஏ.ஜி. (WCAG) என்ற, இணையதளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான அணுகல்தன்மை வழிகாட்டி. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 என்ற ஒளிர்வு வேறுபாட்டையும் அதன் மூன்று நிலைகளில் நடுவிலுள்ள ஏஏ (AA) நிலை கேட்கிறது; புகைப்படத்தின் மேல் வெள்ளை எழுத்தில் வைக்கும் அறிவிப்புகள் பெரும்பாலும் இங்கேதான் தவறிவிடுகின்றன. அந்த இடத்தில் இன்றைய திறப்பு நேரத்தை எழுத்தாகவே போடுங்கள்.

மறுமொழி 3:
முகப்பைத் தாண்டியும் பாருங்கள். வளாகத்துக்கு வெளியிலிருந்து கூகுள் ஸ்காலர் வழியாக ஒரு கட்டுரைக்குப் போகும் மாணவரிடம் பதிப்பாளரின் பக்கம் பணம் கேட்கிறது; நூலகம் அந்த இதழுக்குச் சந்தா கட்டியிருந்தும், அது நூலகத்தில் இல்லை என்றே அவர் முடிவுக்கு வருகிறார். “ரிமோட் ஆக்சஸ்” என்ற இணைப்பு மெனுவின் மூன்றாம் அடுக்கில் ஒளிந்திருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? “வீட்டிலிருந்து படிக்க” என்று எழுதி, தேடல் பெட்டிக்கு அடியிலேயே வைக்கலாம்.

கேட்டவர்:
பென்டோ அமைப்பில், கைப்பேசித் திரையில் கட்டங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக வரும்போது எதை முதலில் வைப்பது?

மறுமொழி 1:
அதைக் குழுவுக்குள் வாக்கெடுத்து முடிவு செய்ய வேண்டாம். தேடல் பதிவுகளில் நூல் தலைப்புகள் அதிகமா, பொருள்சார் சொற்கள் அதிகமா என்று பாருங்கள். பிறகு மாணவர் ஐந்து பேரிடம் குறிப்பிட்ட ஒரு நூலையும் ஒரு கட்டுரையையும் கண்டுபிடிக்கச் சொல்லி, இடையில் உதவாமல் பக்கத்தில் அமர்ந்து கவனியுங்கள்.