மாமரக் கிளைக்கு ஒரு மெஷின்

குழு: புளியரை – ஆரியங்காவு சொந்தங்கள்

நான் (காலை 7:12): ராத்திரிக் காற்றில் கிணற்றடி மாமரத்தில் பாதி முறிந்து விழுந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆனி வந்தால் ஒவ்வொரு வருஷமும் இதே கதைதான், ஆள் கேட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. சின்னதாக ஒரு செயின்சா, அதுதான் மரம் அறுக்கிற மெஷின், வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். எது எடுக்கலாம்?

தென்காசி அத்தான் (7:20): மாப்பிள்ளை, ஆன்லைனில் 58 சிசி, 22 அங்குல பார் (செயின் சுற்றி ஓடுகிற தகடு), மலிவாகக் கிடைக்கிறது. எடுத்தால் பெரிசாக எடுத்துவிடுங்கள்.

அக்கா (7:24): வேண்டாம் தம்பி. கை, கால் போனால் திரும்ப வராது. கூலி கொடுத்தே வெட்டு.

நான் (7:31): கைக்கு அடக்கமாக ஒன்று பார்த்தேன். 25 சிசி, மூன்று கிலோ பக்கம்தான் எடை. பிடி மேலேயே இருக்கிறது. அது போதாதா சித்தப்பா?

ஆரியங்காவு சித்தப்பா (8:05): அதை மட்டும் எடுக்காதே. மேல்பிடி மெஷின் மரத்தில் கயிறு கட்டி ஏறி வேலை செய்கிறவர்களுக்காகச் செய்தது. எடை குறைவாக இருப்பதால் ஒரு கையால் பிடிக்கத் தோன்றும், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பார் நுனியின் மேல் ஓரம் கட்டையில் பட்டால், கண் இமைப்பதற்குள் மெஷின் முகத்தைப் பார்த்துத் துள்ளும். தரையில் நின்று அறுக்கிற உனக்குப் பின்பிடி மெஷின்தான் வேண்டும். முன்பிடியை இடது கைக் கட்டைவிரல் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும்.

சித்தப்பா (8:09): 58 சிசியும் உனக்கு வேண்டாம். பார், செயின், பெட்ரோல் எல்லாம் சேர்ந்தால் ஏழு கிலோ பக்கம் வரும். அரை மணி நேரத்தில் தோள் தளரும், தளர்ந்த கைதான் தப்புச் செய்யும். ஸ்டில் கம்பெனி எம்எஸ் 170 மாதிரி 30 சிசி மெஷினாக எடு. பார், செயின் இல்லாமல் நாலு கிலோ பக்கம். 14 அங்குல பார் போட்டால் விறகுக் கட்டைக்குத் தாராளம். எந்தக் கம்பெனி என்பதைவிட, தென்காசியிலோ செங்கோட்டையிலோ பழுது பார்க்க ஆளும் செயினும் கிடைக்குமா என்று முதலில் விசாரி.

அத்தான் (8:15): பேட்டரி மெஷின் எப்படி மாமா?

சித்தப்பா (8:22): கை பருமன் கிளைக்கு நல்லது. மாமர அடித்தடியை வெட்ட உட்கார்ந்தால் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும்.

சித்தப்பா (8:30): எப்போதாவது எடுக்கிறவனுக்கு மெஷினைக் கெடுப்பது பெட்ரோல்தான். இப்போது வருவதில் 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்தை இழுக்கும். ஆயில் கலந்து வைத்த பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் விட்டால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். தேவைக்கு மட்டும் கல. எம்எஸ் 170-க்கு நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில் லிட்டருக்கு 20 மில்லி, வேறு மெஷின் என்றால் அதன் புத்தகத்தைப் பார். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓட விடு. செயின் ஆயில் தனி, அது தீர்ந்தால் பார் வெந்துவிடும்.

நான் (8:41): செயின் மழுங்கினால் கடைக்குக் கொண்டு போகணுமா?

சித்தப்பா (8:47): நீயே அரம் பிடிக்கப் பழகு. சீவல் சீவலாக வந்தால் செயின் கூர்மையாக இருக்கிறது. மாவு மாதிரித் தூள் வந்தால் நிறுத்து, அதற்கு மேல் அழுத்தி அறுக்கக் கூடாது. எம்எஸ் 170 செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம்.

அக்கா (8:52): சித்தப்பா, இவன் லுங்கி கட்டிக்கொண்டு இறங்குவான். சொல்லி வையுங்கள்.

சித்தப்பா (8:55): லுங்கி, வேட்டி இரண்டுமே கூடாது. துணியைச் செயின் ஒரே இழுப்பில் இழுத்துவிடும். இறுக்கமான பேண்ட், பூட்ஸ், கண்ணாடி, காதடைப்பான். மிஞ்சுகிற காசில் முதலில் இதையெல்லாம் வாங்கு.

நான் (9:02): சரி சித்தப்பா. அங்கே உங்கள் தோட்டத்தில் விழுந்து கிடக்கிறதையும் அப்புறம் நானே வந்து அறுத்துத் தருகிறேன்.

சித்தப்பா (9:06): வா. ஆனால் கீழ்வேலி ஓரத்துச் சந்தனத்தை மட்டும் தொடாதே. சொந்த நிலத்து மரத்தை வெட்ட 2005 சட்டம் இங்கே கேரளாவில் உரிமை கொடுத்தபோதும் சந்தனத்தை விலக்கித்தான் வைத்தது. அது வனத்துறை வழியாகத்தான்.

சித்தப்பா (9:11): ஞாயிற்றுக்கிழமை என் மெஷினோடு வருகிறேன். நீ அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போ. நீ அனுப்பிய படத்தில் விழுந்த தடியின் இரண்டு முனையும் மேட்டில் நிற்கிறது, நடுவில் தொங்கல். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு வெட்டி, மிச்சத்தைக் கீழிருந்து எடுக்கணும். மேலிருந்தே வெட்டினால் பாரைக் கவ்விக்கொள்ளும். அதுவரை பிள்ளைகள் யாரும் அதன் மேல் ஏறாமல் பார்த்துக்கொள்.