பரண்ல கிடந்த சூப்பர் நின்டென்டோவ சரி பண்ணி ஆடலாமா, இல்ல பேசாம டவுன்லோட் பண்ணிக்கலாமா?

பரண்மேல்_பெட்டி

மக்களே வணக்கம். வீட்ட ஒழிச்சப்போ பரண்ல இருந்து என்னோட பழைய சூப்பர் நின்டென்டோ (டிவில மாட்டி ஆடற பழைய கேம் கன்சோல்) கிடைச்சுது, கூட ஆறு கேட்ரிட்ஜ் (கேம் இருக்கற சொருகற அட்டை). நாலு தடவ சொருகி எடுத்தப்புறம் சூப்பர் மாரியோ வேர்ல்ட் வந்துடுச்சு, ஒரே குஷி. அடுத்து செல்டா (எ லிங்க் டு தி பாஸ்ட்) போட்டேன், கேம் வருது ஆனா சேவ் மூணும் காலி. கடைசி கோட்டை வாசல்ல ஹீரோ லிங்க்க நிறுத்தி வெச்சுட்டு படிப்பு வேலைன்னு போனவன் நான், இத்தன வருஷமா அங்கயே நிப்பான்னு நெனச்சுட்டு இருந்தேன்.

இன்னொண்ணு, இப்ப இருக்கற பெரிய டிவில மாட்டினா படம் கூழ் மாதிரி இருக்கு, பட்டன் அமுக்கினா மாரியோ கொஞ்சம் யோசிச்சுட்டுதான் குதிக்கறான். தம்பி என்னடான்னா இதே கேம் ரெண்டும் நின்டென்டோவோட புது கன்சோல் ஸ்விட்ச்சோட சப்ஸ்கிரிப்ஷன்லயே இருக்கு, செத்தா ரீவைண்ட் பண்ணிக்கலாம், இந்த டப்பாவ வித்துடுன்றான். அவன் சொல்றதும் சரியாத்தான் படுது ஆனா மனசு வரல. வெறும் பழைய பாசத்துக்காக இதுல நேரம் செலவு பண்றேனா, இல்ல நிஜமாவே ஒரிஜினல் கன்சோல்ல ஆடறதுல ஏதாவது இருக்கா?

ஈயப்பத்து

விக்காதீங்க ப்ரோ, மொதல்ல வாயால ஊதறத நிறுத்துங்க (ஊதியிருப்பீங்க, எனக்கு தெரியும், எல்லாரும் ஊதினவங்கதான்). எச்சி ஈரம் பட்டு பின் அரிச்சுப்போகும்னு நின்டென்டோவே ஊதாதீங்கன்னு சொல்லிச்சு. ஊதினதால வேல செய்யல, திரும்ப எடுத்து சொருகினதுல பின்னு சரியா உக்காந்துச்சு, அவ்வளவுதான் ரகசியம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வாங்கி காது குடையற பஞ்சுல தொட்டு பின்ன ரெண்டு பக்கமும் தேச்சு, காஞ்சப்புறம் போடுங்க. பஞ்சு கருப்பா வரும், பாத்து பயந்துடாதீங்க.

சேவ் போனதுக்கு காரணம் உள்ள இருக்கற சிஆர்2032 பட்டன் பேட்டரி. அந்த கேட்ரிட்ஜ்ல சேவ் ஆகறது எஸ்ரேம்ன்ற மெமரி சிப்ல, அதுக்கு சொட்டு கரண்ட் வந்துட்டே இருக்கணும், பேட்டரி தீந்துச்சுன்னா எல்லாம் அழிஞ்சுடும். லிங்க் அங்க இல்ல ப்ரோ, போயிட்டான். ஆனா புது பேட்டரி வெச்சா திரும்ப ஆரம்பிக்கலாம். கேட்ரிட்ஜ திறக்க சாதா ஸ்க்ரூட்ரைவர் ஆகாது, 3.8 மிமீ கேம்பிட்னு ஒரு தனி பிட்டு வேணும். தகடு ஒட்டின பேட்டரியா வாங்குங்க, இல்லன்னா ஒரு ஹோல்டர ஈயப்பத்து வெச்சு ஒட்டிடுங்க, அடுத்த தடவ சும்மா மாத்திக்கலாம். வெறும் பேட்டரி மேல நேரா பத்து வைக்காதீங்க, சூட்டுல வெடிக்கும்.

அடாப்டர் ஒரிஜினல்தானான்னும் பாருங்க. பழைய கன்சோல்ல ஒண்ணொண்ணுக்கு வோல்டேஜ் வேற, முனை வேற. 8 பிட் நின்டென்டோவோட அடாப்டர் ஏசி கரண்ட் குடுக்கும், சேகாவோட மெகா ட்ரைவ் கன்சோலுக்கு டிசி, மாத்தி சொருகினா கதை முடிஞ்சுது.

டவுன்லோட்_துரை

மேல சொன்னத எல்லாம் படிச்சீங்கல்ல, ஆல்கஹால், தனி பிட்டு, ஈயம், அடாப்டர் முனை... ஒரு மாரியோ ஆடறதுக்கு ஐடிஐ முடிக்கணும் போல 😂

தல, வேலைக்கு போயிட்டு வந்து ராத்திரி அரை மணி நேரம் கிடைக்கும், அதுல சேவ் ஸ்டேட் (எந்த நொடிலயும் அப்படியே சேவ் பண்றது) போட்டு விட்ட எடத்துல இருந்து ஆடறதுதான் நடக்கற காரியம். தவிர ஒரிஜினல் ஒரிஜினல்னு சொல்றீங்களே, அந்த ஒரிஜினலே உலகம் பூரா ஒண்ணா இல்ல. பால் (PAL) ன்ற டிவி முறை இருந்த நாடுகள்ல வித்த கன்சோல் 50 ஹெர்ட்ஸ்ல ஓடிச்சு, ஜப்பான் அமெரிக்கால 60. நெறைய கேம்ல அத சரி பண்ணாம அப்படியே வித்தாங்க, அதனால கேமும் பாட்டும் ஆறுல ஒரு பங்கு ஸ்லோ. சின்ன வயசுல சோனிக் வேகமா ஓடறான்னு நெனச்சவங்க பாதி பேரு பாத்தது நடந்து போற சோனிக்க. இப்ப டவுன்லோட்ல கிடைக்கறது பெரும்பாலும் 60தான். 2018ல வந்த ப்ளேஸ்டேஷன் க்ளாசிக்ல மட்டும் 20 கேம்ல 9 பால் வெர்ஷன போட்டு திட்டு வாங்கினாங்க, அது தனி கதை.

கடை_சாத்தியாச்சு

துரை சார், வசதி எல்லாம் சரி, ஆனா நீங்க வாங்கினது உங்க கையில இருக்கா? நின்டென்டோவோட வீ கன்சோலுக்கு இருந்த ஆன்லைன் கடை, வீ ஷாப், 2019 ஜனவரி 30ல மூடிட்டாங்க. 3டிஎஸ், வீ யூ ஈஷாப்ல 2023 மார்ச் 27க்கு அப்புறம் எதுவும் வாங்க முடியாது, எக்ஸ்பாக்ஸ் 360 ஸ்டோர் 2024 ஜூலை 29. ஏற்கனவே வாங்கினத இன்னும் இறக்கிக்கலாம்னு விட்டு வெச்சிருக்காங்கதான், ஆனா எத்தன நாளைக்குன்னு நீங்களோ நானோ முடிவு பண்ண முடியாது. ஸ்காட் பில்க்ரிம் கேம் 2014 கடைசில ஸ்டோர்ல இருந்து காணாம போயி 2021 ஜனவரிலதான் திரும்ப வந்துச்சு, அது டவுன்லோடா மட்டும் வந்த கேம்ங்கறதால நடுவுல ஆறு வருஷம் எங்கயும் காசு குடுத்து வாங்க வழியே இல்ல.

சரி கேம் இருக்குன்னே வெச்சுப்போம், அதே கேமா? க்ரேஸி டாக்ஸி 2010ல டவுன்லோடா வந்தப்போ தி ஆஃப்ஸ்ப்ரிங், பேட் ரிலிஜன்ற பேண்டுகளோட பாட்டெல்லாம் காணோம், லைசென்ஸ் தீந்துடுச்சு. அந்த பாட்டு இல்லாம அந்த டாக்ஸிய ஓட்டறது என்ன ஓட்டறது? ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்ல இன்னும் மோசம், 2014ல ஏற்கனவே வாங்கினவங்களுக்கே அப்டேட்டுன்ற பேர்ல ரேடியோ பாட்டு சிலத உருவிட்டாங்க. பரண்ல கிடக்கற டிஸ்க்க எவனும் ராத்திரியோட ராத்திரியா வந்து மாத்த முடியாது.

கலிஃபோர்னியால 2025 ஜனவரில இருந்து ஒரு சட்டம், டிஜிட்டலா விக்கறவன் இது வெறும் லைசென்ஸ்தான்னு தெளிவா சொல்லணும். சட்டம் போட்டு சொல்ல வைக்கற நிலமைன்னா பாத்துக்கோங்க. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023ல ஒரு ஆய்வு விட்டாங்க, அமெரிக்கால 2010க்கு முன்னாடி வந்த கேம்கள்ல 87 சதவீதம் இப்ப கடைல கிடைக்காது. மாரியோவும் செல்டாவும் எப்பவும் கிடைக்கும், உங்ககிட்ட இருக்கற மீதி நாலு கேட்ரிட்ஜ் என்னன்னு சொல்லலையே, அதுதான் முக்கியம்.

டவுன்லோட்_துரை

ஒத்துக்கறேன், ஆனா எல்லா டவுன்லோடும் ஒண்ணு இல்ல. ஜிஓஜின்ற ஆன்லைன் கடைல வாங்கினா டிஆர்எம் (காப்பி பண்ண விடாத பூட்டு) கிடையாது, இன்ஸ்டாலர எடுத்து ஹார்ட் டிஸ்க்ல போட்டு வெச்சுக்கலாம், கடைய மூடினாலும் ஓடும். கையில அட்டை இருந்தா சொந்தம்னும் இல்ல, ஸ்விட்ச் 2க்கு கேம் கீ கார்டுன்னு ஒண்ணு வருது, உள்ள கேமே இருக்காது, சொருகிட்டு நெட்ல இறக்கணும். அப்புறம் சிடியும் ஒரு நாள் அரிச்சுப்போகும் சார்.

ஸ்கேன்லைன்_ரசிகை

கேட்டவர விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் சண்ட போடுங்க, நல்லா இருக்கு.

பெட்டி அண்ணா, உங்க பிரச்சனைல பாதி கன்சோலே இல்ல, டிவி. சூப்பர் நின்டென்டோ அனுப்பறது 240பி (240 கோடு படம்), அதே கோடுகள நொடிக்கு 60 தடவ திரும்ப திரும்ப வரையும். புது டிவி நெறைய அத 480ஐ (பாதி பாதியா வர்ற 480 கோடு படம்) ன்னு தப்பா எடுத்துக்கிட்டு ரெண்டு ரெண்டு ஃப்ரேமா சேத்து தைக்க பாக்கும், அதுலதான் கூழாகறதும் மாரியோ யோசிக்கறதும். டிவில கேம் மோட் இருந்தா போட்டு பாருங்க, கொஞ்சம் குறையும். முழுசா தீரணும்னா ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் மாதிரி ஒரு கன்வெர்ட்டர், இல்ல பழைய குண்டு டிவி.

குண்டு டிவிக்கே என் ஓட்டு. அந்த காலத்து படம் வரஞ்சவங்க அந்த கண்ணாடிய மனசுல வெச்சுதான் வரஞ்சாங்க. சோனிக்ல அருவிய பாருங்க, புது டிவில ஒரு கோடு விட்டு ஒரு கோடு கட்டம் போட்ட மாதிரி தெரியும். மெகா ட்ரைவ பழைய மஞ்ச வயர்ல மாட்டினா அந்த கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து நிஜமாவே தண்ணிக்கு பின்னாடி பாக்கற மாதிரி வரும். டக் ஹன்ட் துப்பாக்கி புது டிவில சுடவே சுடாது, திரைல வெளிச்சம் வர்ற நேரத்த வெச்சுதான் அது வேல செய்யுது. எமுலேட்டர்ல (பழைய கன்சோல் மாதிரியே நடந்துக்கற சாஃப்ட்வேர்) பழைய டிவி மாதிரி காட்டற ஃபில்டர் எல்லாம் இப்ப ரொம்ப நல்லா வந்துடுச்சு, அத குறை சொல்ல மாட்டேன், ஆனா பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு தடவ பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

குண்டு டிவி கிடைச்சா பின்பக்கத்த மட்டும் திறக்காதீங்க, ஆஃப் பண்ணி வெச்சிருந்தாலும் உள்ள ஷாக் அடிக்கற அளவு கரண்ட் தேங்கி நிக்கும்.

பரண்மேல்_பெட்டி

அப்டேட். பின் துடைச்சாச்சு, ஆறுமே மொத தடவலயே வருது (பஞ்சு நிஜமாவே கருப்பு). பேட்டரிய தெரிஞ்ச பையன் ஒருத்தன் ஹோல்டர் வெச்சு மாத்தி குடுத்தான், செல்டா புதுசா ஆரம்பிச்சு மூணு பெண்டன்ட் எடுத்துட்டேன். பழைய டிவி ஒண்ணு சும்மாவே கிடைச்சுது, தூக்கறதுக்குள்ள இடுப்பு போச்சு.

வித்துடுன்னு சொன்ன தம்பி நேத்து வந்தான், சரி ஒரு லெவல்னு மாரியோ எடுத்தான், குழில விழுந்தான், கன்ட்ரோலர திருப்பி திருப்பி பாத்துட்டு ரீவைண்ட் எதுலன்னு கேக்கறான். ராத்திரி பதினோரு மணிக்குதான் கிளம்பினான். ஆனா சப்ஸ்கிரிப்ஷனும் போட்டாச்சு, ட்ரெய்ன்ல போகும்போது இந்த டிவிய தூக்கிட்டா போக முடியும்.

ஒரே ஒரு சந்தேகம். டிவிய ஆன் பண்ணினா மெல்லிசா விசில் மாதிரி சத்தம் வருதுன்னு பொண்ணு காத பொத்திக்கறா. எனக்கு ஒண்ணுமே கேக்கல. டிவில ஏதாவது கோளாறா?

ஈயப்பத்து

கோளாறு இல்ல ப்ரோ, எல்லா குண்டு டிவிலயும் வர்ற சத்தம்தான், கோடு வரையற வேகம் 15.7 கிலோஹெர்ட்ஸ் கிட்ட, சின்ன பசங்களுக்கு நல்லா கேக்கும். உங்களுக்கு கேக்கலன்னா வயசாயிடுச்சுன்னு அர்த்தம், அதுக்கு பின் துடைச்செல்லாம் சரி பண்ண முடியாது.