‘வரச் சொல்லிடுங்க’ன்னு நர்ஸ் சொல்லலாமா?

நைட்_சிஸ்டர்:
முந்தாநாள் எழும்பூர்வாசி எழுதினதைப் படிச்சதுல இருந்து மனசு ஆறல. “நோயாளி பிழைக்க மாட்டார்னு குடும்பத்துக்குச் சொல்றது டாக்டர் வேலை, நர்ஸ் மருந்தைக் கொடுத்துட்டுப் போகணும்”னு எழுதியிருக்கார். 22 வருஷமா வார்டுல நிக்கறேன். போன மாசம், கேன்சர் முத்தின பெரியவர். ராத்திரி 2 மணி. மூச்சு நின்னு நின்னு வருது. பாதம் சில்லிட்டுப் போச்சு, முழங்கால்ல திட்டுத்திட்டா நீலம். டியூட்டி டாக்டர் கீழே கேஷுவால்டியில. பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, “சிஸ்டர், அண்ணன் திருநெல்வேலியில இருக்கான், காலையில கிளம்பினா போதுமா?”ன்னு கேட்டுச்சு. “இப்பவே வரச் சொல்லிடுங்கம்மா”ன்னேன். இதுல என்ன தப்பு?

எழும்பூர்வாசி:
தப்புதான். “வரச் சொல்லுங்க”ன்னா ஆலோசனை. “சொல்லிடுங்க”ன்னா நாள் குறிச்சாச்சுன்னு அர்த்தம். அந்த ‘இடு’வைப் போட நீங்க யாரு? என் மாமனாருக்கும் ஒரு சிஸ்டர் இப்படித்தான் சொன்னாங்க. ஊரே வேன் பிடிச்சு வந்து அழுதுச்சு. மனுஷன் மூணு மாசம் இருந்தார்.

நைட்_சிஸ்டர்:
“சொல்லுங்க”ன்னு இழுத்திருந்தா அந்தப் பொண்ணோட அண்ணன் விடிஞ்சு குளிச்சுட்டு பஸ் ஏறியிருப்பார். 600 கிலோமீட்டருக்கு மேல சார். கிளம்பச் சொன்னேன், சாவைச் சொல்லல.

மாதவரம்_மணி:
எங்கம்மாவுக்கு நடந்ததைச் சொல்றேன். காலையில ஒரு டாக்டர் “பார்க்கலாம்”னார். சாயங்காலம் வேறொருத்தர் “முன்னேற்றம் தெரியுது”ன்னார், அவர் சொன்னது ரத்தத்துல சோடியம் அளவு ஏறினதை மட்டும். அம்மா பிழைச்சுடுவாங்கன்னு நாங்க வீட்டுக்கு போன் போட்டோம். எங்ககிட்ட யார் என்ன சொன்னாங்கன்னு கேஸ் ஷீட்ல ஒரு வரி இல்ல. ராத்திரி வந்த சிஸ்டர்கிட்ட கேட்டா, பாவம், முழிக்கறாங்க. டாக்டர் சொன்னதுக்கு மாறா வாயில வந்துட்டா அவங்க வேலை போயிடும். குடும்பத்துக்கு என்ன சொல்லியிருக்குன்னு டூட்டி மாறும்போது கை மாத்திக் கொடுக்கணும்ங்க.

எழும்பூர்வாசி:
அதுக்குத்தான் ஒரே ஆள் பேசணும்ங்கறேன். 2018 கருணைக்கொலைத் தீர்ப்பை சுப்ரீம் கோர்ட் 2023ல திருத்துச்சே, சிகிச்சையை நிறுத்தலாமான்னு முதல்ல பார்க்கற அந்த மெடிக்கல் போர்டுல யாரு? சிகிச்சை பார்க்கற டாக்டரும் அனுபவமுள்ள ரெண்டு நிபுணர்களும். நர்ஸ் உண்டா?

நைட்_சிஸ்டர்:
அது வென்டிலேட்டரை எடுக்கறதுக்கான போர்டு சார். பஸ் டிக்கெட்டுக்குமா போர்டு கூட்டணும்? இன்னொண்ணும் கேளுங்க. 1967ல லண்டன்ல செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது கடைசிக் காலத்துல இருக்கறவங்களைப் பார்த்துக்கற இல்லத்தை, ஆரம்பிச்ச சிசிலி சாண்டர்ஸ் முதல்ல நர்ஸ்.

எழும்பூர்வாசி:
ஆரம்பிச்சப்போ டாக்டர்! பாதியை மறைக்காதீங்க.

நைட்_சிஸ்டர்:
ஏன் டாக்டருக்குப் படிச்சார்? இல்லேன்னா உன் பேச்சை யாரும் கேக்க மாட்டாங்கன்னு கூட இருந்த சர்ஜனே சொன்னதால. அன்னிக்கு அவர் பட்ட அவமானத்தைத்தான் நீங்க இன்னிக்கு எனக்குக் கொடுக்கறீங்க.

தமிழ்_வாத்தியார்:
‘நர்ஸ்’ என்ன ‘நர்ஸ்’? ‘செவிலியர்’ என்று எழுதுங்கள். மேலும், ‘சொல்லிடுங்க’ என்பது ‘சொல்லிவிடுங்கள்’; அந்த ‘இடு’ உண்மையில் ‘விடு’. ‘விடு’ துணைவினை விரைவையும் காட்டும், முடிவை மட்டும் அல்ல.

எழும்பூர்வாசி:
வாத்தியாரே, போன வருஷம் நைட் ஷிப்ட் பேச்சுலயும் இவங்களுக்குத்தான் ஜால்ரா போட்டீங்க. மறக்கல.

தமிழ்_வாத்தியார்:
அப்போது நீங்கள் ‘கவனிப்பு’க்கு மூன்று சுழி ‘ண’ போட்டதைத் திருத்தினேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை போல.

மாதவரம்_மணி:
அந்த அண்ணன் வந்து சேர்ந்தாரா சிஸ்டர்? அதை யாரும் கேக்கலியே.

நைட்_சிஸ்டர்:
வந்தார்ங்க. மத்தியானம் ஒண்ணு அடிக்கப் போகுது, தோள்ல பையோட ஓடி வந்தார். நான் டூட்டி முடிஞ்சும் போகல. பஞ்சை நனைச்சு அவர் கையில கொடுத்தேன். அப்பா உதட்டை அவர்தான் ஈரப்படுத்தினார். அரை மணி நேரத்துல முடிஞ்சுது. “சொல்லிடுங்க”ன்னுதான் சொன்னேன், இனியும் அப்படித்தான் சொல்வேன்.

எழும்பூர்வாசி:
அது உங்களுக்குப் பலிச்சுது. என் மாமனார் விஷயத்துல பலிக்கல. மூணு மாசமும் மாமியார் அவர் மூச்சையே எண்ணிக்கிட்டுத் தூங்காம கிடந்தாங்க. அதுக்கு யார் பொறுப்பு?

நைட்_சிஸ்டர்:
மறுநாள் காலையில எந்த டாக்டராவது உட்கார்ந்து அவங்ககிட்ட பேசினாரா?

எழும்பூர்வாசி:
பேச்சை மாத்தாதீங்க. ‘இடு’வுக்குப் பதில் சொல்லுங்க.