நாட்டார் பாட்டும் றொக்கும்: அடுத்து எதைக் கேட்கலாம்? (மூன்று ரசிகர்களின் பேச்சு; பெயருக்குப் பதில் அவரவர் ஊர்)

வெள்ளவத்தை: ஒரு கிழமையாகக் காலி வீதி பஸ்ஸில் ஃபெயார்போர்ட் கொன்வென்ஷன் என்ற பிரித்தானிய நாட்டார்-றொக் குழுவின் ‘லீஜ் அண்ட் லீஃப்’ (1969) அல்பம்தான். ‘மற்றி குரோவ்ஸ்’ கதைப்பாட்டில் பாடகி சான்டி டெனி அலட்டாமல் கொலையைச் சொல்லி முடிக்கிறார். அப்புறம் கிற்றாரும் வயலினும் மோதுகின்றன. எனக்கு அம்மம்மாவின் ஒப்பாரி நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது. அடுத்து எது?

கொட்டாஞ்சேனை: பென்டாங்கிள் என்ற இன்னொரு பிரித்தானியக் குழுவின் ‘பாஸ்கெட் ஒஃப் லைட்’, அதுவும் 1969தான். மின்கிற்றார் கிடையாது. டானி தொம்சனின் டபிள் பேஸை (வயலின் குடும்பத்துப் பெரிய, தாழ்ந்த குரல் வாத்தியம்) ஹெட்போனில் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் காணாமல் போய்விடும்.

தெஹிவளை: எனக்கு அந்த மோதல்தான் பிடிக்கவில்லை, தங்கச்சி. ட்ரம்ஸ் கதையை மூடிவிடுகிறது.

வெள்ளவத்தை: இல்லை அண்ணா, கதை முடிந்த பிறகுதான் வாத்தியங்கள் முழுதாகக் கட்டவிழ்கின்றன. எட்டு நிமிடமும் இருந்து கேளுங்கள். சரி, இன்றிரவு பென்டாங்கிள்.