ஆபரேஷனா, ரேடியேஷனா, பார்த்துக்கொண்டு இருப்பதா? புரோஸ்டேட் புற்றுநோய்: பட்டவர்கள் சொன்னது

மலைக்கோட்டைவாசி:
வணக்கம். வயது 66, ஊர் திருச்சி. வருஷா வருஷம் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் பிஎஸ்ஏ (மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி விடும் புரதத்தின் அளவு) 8.1 என்று வந்தது. எம்ஆர்ஐ-யில் பைராட்ஸ் 4, அதாவது சந்தேகம் ஐந்துக்கு நாலு. பயாப்சியில் க்ளீசன் (புற்றுநோய் செல் எவ்வளவு முரடு என்ற மதிப்பெண்) 3+4. எலும்பு ஸ்கேன் சுத்தம், வெளியே பரவவில்லை. யூராலஜிஸ்ட் "ரோபோட்டிக்ல எடுத்துடலாம் சார், அடுத்த வாரமே தேதி இருக்கு" என்கிறார். பையன் ஒரு ரேடியேஷன் டாக்டரிடம் கூட்டிப் போனான், அவர் "கத்தியே வேண்டாம்" என்கிறார். ஆனால் ரெண்டு பேருமே "ரிசல்ட் ஒண்ணுதான்" என்றும் சொல்கிறார்கள். ஒண்ணுதான் என்றால் எதை வைத்து முடிவெடுப்பது? மச்சினர் வேறு நாட்டு மருந்து என்று தினமும் போன் செய்கிறார். கூகுளில் இருப்பதை எல்லாம் படித்துத் தூக்கம் கெட்டாகிவிட்டது. பட்டவர்கள் சொல்லுங்கள்.

கோவைக்காரன்:
நான் ரோபோட்டிக்ல எடுத்தவனுங்க. 2021-ல, அப்ப வயசு 59. உங்களுக்கு வந்த அதே 3+4. உள்ளே ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுட்டு ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் நெஞ்சு அடிச்சுக்கிட்டுக் கிடக்க நம்மால ஆகாது. அதுதான் முதல் காரணம். ரெண்டாவது, பயாப்சி ஊசி போன இடத்தை மட்டும்தான் காட்டும். எடுத்து லேபுக்கு அனுப்புனா முழுசாவே அறுத்துப் பார்ப்பாங்க. என் ரிப்போர்ட் மாறலை. பக்கத்து ரூம்ல இருந்தவருக்கு 3+4, 4+3 ஆயிருச்சு, அதாவது முரட்டு ரகமான 4 தான் அதிகம். மூணாவது, எடுத்ததுக்கப்புறம் பிஎஸ்ஏ கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வரணும். திரும்ப ஏறுனா ரேடியேஷன் குடுக்க வழி இருக்கு. முதல்ல ரேடியேஷன் வாங்கிட்டு பின்னால ஆபரேஷன்னா சிக்கல் அதிகம், செய்யுற டாக்டர்களும் கம்மி.

நல்லதை மட்டும் சொன்னா தப்புங்க. ஒரு வாரத்துக்கும் மேல கதீட்டர், மூத்திரப்பைக்குள்ள விடுற குழாய். அதைக் கழட்டுன அன்னிக்கு ஆஸ்பத்திரி லிஃப்ட்ல இறங்கறதுக்குள்ள பேண்ட் நனைஞ்சுபோச்சு. படுத்திருந்தா ஒண்ணும் இல்லை. எந்திரிச்சா, தும்முனா, அரிசிச் சிப்பத்தைத் தூக்குனா வாஷர் போன குழாய் மாதிரி சொட்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில "லேசான கசிவு"ன்னு ஒரு வரி, அவ்வளவுதான். அந்த லேசான கசிவுக்கு மாசக்கணக்குல பேட் வெச்சேன். இப்ப வேண்டியதில்லை, கல்யாண வீட்டுக்கு மட்டும் ஒண்ணு. மூத்திரத்தை அடக்குற இடுப்புத் தளத் தசையை இறுக்கி விடுற கீகல் பயிற்சியை ஆபரேஷனுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருங்க.

இன்னொண்ணு, இங்கே யாரும் எழுத மாட்டாங்க. நரம்பைக் காப்பாத்தியாச்சுன்னு டாக்டர் சொன்னாலும் விறைப்பு உடனே திரும்பி வராது. எனக்கு மாத்திரையோட ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, பழையபடி இல்லை. விந்து வெளியே வர்றதே நின்னுபோகும். இதையெல்லாம் பேசறப்ப சம்சாரத்தையும் பக்கத்துல உட்கார வைங்க, வெளியே பெஞ்சுல உட்கார வைக்காதீங்க.

ரோபோன்னா அதுவா செய்யுதுன்னு நினைச்சுக்காதீங்க. டாக்டர்தான் கன்சோல்ல உட்கார்ந்து ஓட்டறாரு. நீங்க இதுவரைக்கும் எத்தனை பண்ணியிருக்கீங்க, வருஷம் கழிச்சு எத்தனை பேரு பேட் இல்லாம நடமாடறாங்கன்னு நேராவே கேளுங்க. மழுப்புனாருன்னா வேற இடம் பாருங்க.

தஞ்சாவூர்ப் பொண்ணு:
அப்பாவுக்காக எழுதுறேன். அவருக்கு 74, இதயத்தில் ஸ்டென்ட் இருக்கு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுறார். மயக்க மருந்து டாக்டர் யோசிச்சதும் நாங்க ரேடியேஷன் பக்கம் போயிட்டோம். முன்னெல்லாம் ஏழெட்டு வாரம் போகணுமாம், அப்பாவுக்கு 20 சிட்டிங்கில் முடிஞ்சது. சிலருக்கு அஞ்சே சிட்டிங்கிலும் கொடுக்கிறாங்க. யாருக்கு எதுன்னு டாக்டர்தான் சொல்லணும். எல்லாரும் கேக்கிற கேள்விக்கு முதலிலேயே பதில்: இது கீமோ இல்லை, தலைமுடி கொட்டாது.

கஷ்டம் மெஷினுக்குள்ளே இல்லை, வராண்டாவில்தான். தினமும் மூத்திரப்பை நிறைஞ்சும் மலக்குடல் காலியாவும் இருக்கணும். தண்ணி குடிச்சுட்டு உட்கார்ந்தா, முன்னால் போன ஆளுக்கு நேரம் ஆகும், இல்லாட்டி மெஷின் நின்னுடும். அப்பா தொடையை இறுக்கிக்கிட்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அடக்க முடியாம போயிட்டு வந்தா மறுபடி தண்ணி, மறுபடி காத்திருப்பு. வாயு இருந்தா ஸ்கேனில் தெரிஞ்சுடும், இறக்கி விட்டுடுவாங்க. அந்த மாசம் முழுக்க எங்க வீட்டில் சுண்டலும் மொச்சையும் கிடையாது.

அப்பாவுக்கு ரிஸ்க் கொஞ்சம் கூடன்னு சொல்லி ஹார்மோன் ஊசியும் போட்டாங்க. திடீர்னு உடம்பு கொதிச்சு வேர்த்துக் கொட்டும். அம்மா விடலை. "எனக்கு நின்ன சமயத்தில் ஃபேனைக் குறைடின்னீங்களே, இப்போ தெரியுதா?" அப்பா வாயே திறக்கலை.

பேட் தேவைப்படவே இல்லை. ஆனா ஒரு வருஷம் கழிச்சு மலத்தில் ரத்தம். எல்லாரும் பதறிட்டோம். கேமரா விட்டுப் பார்த்ததில் ரேடியேஷனால் குடல் சுவர் புண்பட்டிருக்குன்னாங்க, மருந்தில் சரியாச்சு. இதில் பிஎஸ்ஏ மெதுவாத்தான் இறங்கும், நடுவில் கொஞ்சம் ஏறி இறங்குறதும் உண்டு. ஆபரேஷன் செஞ்சவங்க நம்பரோட ஒப்பிட்டுப் பயப்படாதீங்க.

தேம்ஸ்கரை:
நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டன். எனக்கு 3+3. எடுக்கவும் இல்லை, சுடவும் இல்லை, கண்காணிப்பில இருக்கிறன். ஆறு மாசத்துக்கு ஒருக்கா பிஎஸ்ஏ, இடைக்கிடை எம்ஆர்ஐ, தேவையெண்டால் திரும்பவும் பயாப்சி. ஊரில இருந்து அக்கா போனில அழுதவ, "புற்றுநோயை உள்ளுக்க வச்சுக்கொண்டு சும்மா இருக்கிறியோடா" எண்டு. சும்மா இல்லை அக்கா, எண்டு எத்தினை தரம் சொல்லியும் விளங்கேல்லை.

இந்த நாட்டில புரோடெக்ட் எண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 1999 தொடக்கம் 2009 வரை ஆரம்பக் கட்டத்தில பிடிபட்ட 1,643 பேரைக் கண்காணிப்பு, ஆபரேஷன், ரேடியேஷன் எண்டு சீட்டுக் குலுக்கின மாதிரிப் பிரிச்சவை. 15 வருசத்து முடிவு 2023-ல வந்தது. மூண்டு பிரிவிலயும் இந்த நோயால செத்தது நூற்றுக்கு மூண்டு பேர் அளவுதான். உங்கட டொக்டர்மார் "ஒண்டுதான்" எண்டு சொல்லுறது இதைத்தான். ஆனா பரவினது ஒண்டில்லை: கண்காணிப்பில இருந்தவையில நூற்றுக்கு 9 பேருக்குப் பரவினது, மற்ற ரெண்டிலயும் 5 பேர் அளவு. கண்காணிப்பில துவங்கின ஆக்களில 60 வீதமானவை பிறகு ஏதோ ஒரு சிகிச்சைக்குப் போனவை. பேட் கணக்கும் இருக்கு: ஆபரேஷன் செய்த ஆக்களில ஆறாம் மாசம் 46 வீதம், ஆறாம் வருசம் 17 வீதம். ரேடியேஷனில ஆறாம் வருசம் 4 வீதம்தான்.

அதில வந்த பெரும்பாலான ஆக்கள் என்னைப் போல 3+3. அந்தக் கண்காணிப்பும் இப்பத்தையப் போல எம்ஆர்ஐ வச்சுச் செய்ததில்லை. அதால என்ர கதையை அப்பிடியே உங்களுக்குப் போட்டுப் பார்க்காதேங்கோ. 3+4-இலயும் கண்காணிப்பில இருக்கிற ஆக்கள் இருக்கினம், அது அந்த 4 எத்தினை வீதம் எண்டதில தங்கியிருக்கு. ரிப்போர்ட்டில எழுதியிருக்கும், பாருங்கோ. அவசரப்பட வேண்டாம் எண்டு இஞ்சத்த நர்ஸ் முதல் நாளே சொன்னவ. இது சில கிழமையில ஓடிப் பரவுற சாமான் இல்லை.

வைகைக்கரை:
லேபில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். அண்ணே, முதல்ல அந்த பயாப்சி பிளாக்கையும் (எடுத்த சதையை மெழுகுல பதிச்சு வெச்சிருக்கிறது) ஸ்லைடையும் வாங்கி, புரோஸ்டேட் அதிகம் பார்க்கிற வேற பேத்தாலஜிஸ்ட் ஒருத்தர்கிட்ட காட்டுங்க. 3-க்கும் 4-க்கும் நடுவுல ஆளுக்கு ஆள் பார்வை மாறும். கேட்டா லேபில் கொடுப்பாங்க. ரோபோட்டிக்னா இன்சூரன்ஸ் பாலிசியில தனி உச்சவரம்பு இருக்கான்னும் பார்த்துக்கங்க, கேஷ்லெஸ்னு நம்பிப் போய் கடைசி நாள் பில்லுல முழிக்கக் கூடாது.

ரெண்டு கேள்வி. புரோஸ்டேட் வீக்கத்துக்குன்னு டூட்டாஸ்டெரைடு, ஃபினாஸ்டெரைடு ஏதாச்சும் சாப்பிடுறீங்களா? சாப்பிட்டா பிஎஸ்ஏ பாதியாத்தான் காட்டும், உங்க 8.1-க்கு அர்த்தமே மாறிப்போகும். ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறீங்க?

மலைக்கோட்டைவாசி:
எல்லோருக்கும் நன்றி. அந்த மாத்திரை எதுவும் இல்லை. ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன், 4 என்பது 10 சதவீதம் என்று போட்டிருக்கிறது. இதை எனக்கு யாருமே விளக்கவில்லை. ராத்திரி மூணு நாலு தடவை எழுந்திருக்கிறேன், அதுவும் நின்று நின்றுதான் வருகிறது. வயசானால் அப்படித்தான் என்று விட்டிருந்தேன். இதற்கும் முடிவுக்கும் என்ன சம்பந்தம்?

வைகைக்கரை:
இருக்குண்ணே. ஏற்கெனவே அடைப்பு இருக்கிறவங்களுக்கு ரேடியேஷன் சமயத்துல வீங்கி அது கூடலாம், சில பேருக்கு மூத்திரமே நின்னு கதீட்டர் போட வேண்டி வரும். ஆபரேஷன்னா அந்த அடைப்பும் சேர்ந்து போயிரும். மூத்திரம் போற வேகத்தை அளக்கிற யூரோஃப்ளோ டெஸ்ட் ஒண்ணு எடுத்து ரெண்டு டாக்டர்கிட்டயும் காட்டுங்க. 10 சதவீதம்தான்னா, கண்காணிப்பு ஒத்துவருமான்னும் ரெண்டு பேரையும் கேளுங்க.

மலைக்கோட்டைவாசி:
அடுத்த வாரத் தேதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை பையன் பிளாக் வாங்கப் போகிறான், எனக்கு யூரோஃப்ளோ. மச்சினர் ஞாயிற்றுக்கிழமையே பொட்டலத்தோடு வருகிறார்.

கோவைக்காரன்:
வாங்கி அலமாரியில வெச்சிருங்க. என்ன சேர்த்திருக்காங்கன்னு டாக்டர்கிட்ட காட்டாம ஒரு சிட்டிகைகூட வேண்டாமுங்க, சில பொடியெல்லாம் ஆபரேஷன் டேபிள்ல ரத்தத்தை நிக்க விடாது.